மல்லச்சந்திரம் கல்திட்டையில் இருக்கும் ஓட்டை வாசலா?

தகடூரான்: நேத்து ஒரு மேதாவி எழுதியிருந்தார், கிருஷ்ணகிரி பக்கத்து மல்லச்சந்திரம் மலைமேல இருக்கிற கல்திட்டையெல்லாம் குள்ள மனுஷங்க வீடாம், வட்ட ஓட்டைதான் வாசலாம். எரிச்சலா வருதுங்க. அது பெருங்கற்காலத்துல செத்தவங்களுக்காகக் கட்டின ஈமச்சின்னம். சுத்தியும் பலகைக்கல், மேல மூடுகல், ஒரு கல்லுல இடுதுளை. எலும்பும் படையலும் உள்ள வைக்க விட்ட துளை அது.

மாங்கூழ்: அந்த மேதாவி நான்தான். எலும்பு வைக்க எதுக்குய்யா அவ்வளவு பெரிய வட்டம்? எங்க ஊர்ப் பசங்களே உள்ள பூந்து விளையாடுறாங்க.

தகடூரான்: பசங்க கோயில் உண்டியல் மேலயும்தான் ஏறி விளையாடுறாங்க. பிணத்தை வேற இடத்துல வச்சிருந்து, மிஞ்சின எலும்பை அப்புறம் கொண்டுவந்து வைக்கிறது அந்தக் காலத்து வழக்கம். ஒவ்வொரு தடவையும் மூடுகல்லைத் தூக்க முடியுமா? அதான் துளை.

மாங்கூழ்: உள்ள வெள்ளை நிறத்துல ஓவியம் இருக்கே? பிணம் பார்க்கவா படம் வரைஞ்சாங்க?

தகடூரான்: எகிப்துக் கல்லறைக்குள்ள போய் இதே கேள்வியைக் கேளுங்க.

ஓசூர்வாசி: ரெண்டும் ஈமச்சின்னம்தான், ஆனா கல்பதுக்கை மண்ணுக்குள்ள, கல்திட்டை மண்ணுக்கு மேல. முதல்ல இதைப் பிரிச்சுக்கிட்டு அப்புறம்...

மாங்கூழ்: நீங்க இருங்க. ஓட்டைக்குப் பதில் வரலை.

தகடூரான்: மூணு தடவை சொல்லியாச்சு. பக்கத்துல மயிலாடும்பாறையை எடுத்துக்கங்க. அங்கேயும் ஈமக்காடு இருக்கு. அங்க கிடைச்ச இரும்பு கி.மு. 2172ன்னு 2022ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. அப்படிப்பட்ட மண்ணுல நின்னுக்கிட்டு குள்ளர் கதை விடுறீங்க. எங்க தருமபுரிக்கே அவமானம்.

பர்கூர்ப் பையன்: அண்ணே, நிறுத்துங்க. மயிலாடும்பாறை எப்ப உங்க தருமபுரிக்கு வந்துச்சு? அது கிருஷ்ணகிரி மாவட்டம்.

தகடூரான்: தம்பி, உங்க மாவட்டமே 2004 பிப்ரவரியில பொறந்தது. தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் அங்க 2003ல தோண்டினப்ப அது எங்க மாவட்டம்.

பர்கூர்ப் பையன்: 1965க்கு முன்னாடி நீங்களே சேலம். அப்ப எல்லாம் சேலத்துக்காரங்க சொத்தா?

ஓசூர்வாசி: கிரானைட்டுக்காகப் பாறை பாறையா வெட்டி எடுத்துட்டு இருக்காங்க. அதைப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோம்.

தகடூரான்: அதுக்கு வேற இழை தொடங்குங்க. இங்க ஓட்டைதான் பேச்சு. வீடுன்னா அடுப்பு எங்க? சாம்பல் எங்க? குடியிருக்கிறவன் பாறை உச்சியில, வெயில்ல, தண்ணி இல்லாத இடத்துல வரிசையா வீடு கட்டுவானா?

மாங்கூழ்: எங்க பாட்டி வாலியர் வீடுன்னுதான், அதாவது குள்ளர் வீடுன்னுதான் சொல்லும். உங்களைவிட எங்க பாட்டி அந்த மலையை அதிகம் பார்த்தது.

தகடூரான்: பாட்டியைக் கும்பிட்டுக்கிறேன். பேரன்தான் ஆகலை. நடுகல் விஷயத்துலயும் போன வருஷம் இப்படித்தான் மூக்கை நுழைச்சீங்க.

மாங்கூழ்: அதானே! இன்னும் அந்தக் கடுப்பா? சரி, ஓட்டை ஏன் வட்டமா இருக்குன்னு சொல்லுங்க. எலும்புக்குச் சதுரம் ஆகாதா?

தகடூரான்: நாலாவது தடவையா சொல்றேன், அது இடுதுளை.