போர்டோ கலவையில் ஆணி சிவக்கிறது, இலை கருகுகிறது: எங்கே தவறு?

கேள்வி
பயிரின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை, 10 லிட்டர், 1%: 100 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 100 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள், தலா 5 லிட்டர் தண்ணீர். தூள் பை பிரித்து ஒரு வருடம் ஆகிறது. சுண்ணாம்புப் பாலை மயில்துத்தக் கரைசலில் ஊற்றினேன். வானநீலம் வரவில்லை, பச்சை கலந்த நீலம்தான். பத்து நிமிடத்தில் அடியில் படிகிறது. சோதனைக்கு இரும்பு ஆணியை முக்கினால் சிவக்கிறது. தெளித்த இலைகளின் ஓரம் கருகிவிட்டது. சுண்ணாம்பைக் கூட்டினால் போதுமா?

பதில் 1
அளவு குறையவில்லை, சுண்ணாம்புதான் செத்துவிட்டது. 100 கிராம் மயில்துத்தத்துக்குக் கணக்குப்படி 30 கிராம் நல்ல நீற்றிய சுண்ணாம்பே போதும். மூன்று மடங்குக்கு மேல் போட்டும் ஆணி சிவக்கிறது என்றால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சித் தூளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. ஒரு கரண்டித் தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கினால் அந்தப் பை உதவாது.

ஆணியில் தெரிவது துரு அல்ல, செம்பு. இரும்பு கரைய, கரைசலில் மிஞ்சிய செம்பு அதன்மேல் படிகிறது. அந்த மிஞ்சிய செம்புதான் இலையையும் கருக்குகிறது.

பதில் 2
ஊற்றிய வரிசையும் தலைகீழ். மயில்துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்ற வேண்டும், கலக்கிக்கொண்டே. அப்போதுதான் மெல்லிய கூழ்போல நீலம் திரளும். மாற்றி ஊற்றினால் பருத்த துகளாகிச் சீக்கிரம் படியும், தெளிப்பான் மூக்கையும் அடைக்கும். இரண்டும் நன்றாக ஆறியிருக்கட்டும். சுட்ட சுண்ணாம்பை அப்போதே நீற்றினால் சூட்டோடு ஊற்றாதீர்கள். நீற்றும்போது தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். பாலைத் துணியில் வடிகட்டுவதும் அவசியம்.

மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். கனத்த நீலக் கரைசல் இழையிழையாக அடிக்கு இறங்க, புதுத் தண்ணீர் முடிச்சைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். வாளியின் அடியில் போட்டால் கட்டியாகக் கிடக்கும். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். இரும்பு, துத்தநாகம் பூசிய வாளி இரண்டும் அரிக்கும்.

கேள்வி கேட்டவர்
வினிகர் விட்டதும் பொங்கி வழிந்தது. இருக்கும் கலவையைக் காப்பாற்ற முடியுமா?

பதில் 1
புதுச் சுண்ணாம்புப் பால் சேர்த்தால் ஆணி சிவப்பது நிற்கும், ஆனால் பருத்த துகள் மெலியாது. அதைத் தெளிக்க வேண்டாம். குளம், ஓடை, சாக்கடையில் கொட்டவும் வேண்டாம், செம்பு மீனுக்கு நஞ்சு. புதிதாகக் கலந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஆணியை ஒரு நிமிடம் முக்குங்கள். நிறம் மாறாவிட்டால் அன்றே தெளித்து முடியுங்கள். நேரம் ஆக ஆகக் கூழ் பருத்து, இலையில் ஒட்டும் தன்மையை இழந்துவிடும்.