வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு: களத்தில் பார்த்தவை

வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் முதலில் வீட்டைக் கழுவத்தான் பார்ப்பார்கள். சேறும் நாற்றமும் அப்படி. கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டுக்காரம்மா பக்கத்தில் நிற்க வேண்டும், கதவு எண்ணும் படத்தில் விழ வேண்டும். சேதத்தைக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வரச் சில நாள் ஆகும். அதற்குள் சுவர் பளிச்சென்று ஆகிவிட்டால், "இங்கே தண்ணியே ஏறலையே" என்பார். குடிசையென்றால் சரிந்த கூரையைப் பிரிக்கும் முன்பே படம் வேண்டும். அடுக்கி வைத்த கீற்றைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.

*

கறைப் படம் சரி. ஆடு மாடு விஷயத்தில்தான் சனங்கள் அதிகம் இழக்கிறார்கள். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் தமிழக அரசு பசு, எருமைக்கான நிவாரணத்தை 30,000 ரூபாயிலிருந்து 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000இலிருந்து 4,000 ஆகவும் உயர்த்தியது. ஐந்து ஆடு போனால் 20,000. அது கைக்கு வர, கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஈரத்தில் செத்த ஆடோ ஒரே நாளில் ஊதிவிடும். நாற்றம் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்துவிடுவார்கள். அப்புறம் யார் நம்புவார்? மருத்துவர் வரத் தாமதமானால் உடல்களை வரிசையாகக் கிடத்தி, உரிமையாளரையும் நிற்க வைத்துப் படம் எடுங்கள். தலையாரியும் (கிராம உதவியாளர்) அக்கம்பக்கத்தார் இருவரும் எண்ணிக்கையைக் குறித்துக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று. காதில் மாட்டிய அடையாள வில்லை இருந்தால் கழற்றிப் பத்திரப்படுத்தி, அதற்கப்புறம் குழி. புதைத்த இடத்துக்கு ஒரு கம்பு நட்டு வையுங்கள்.

*

வாடகைக்கு இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். அதே மிக்ஜாமின்போது சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் ரேஷன் கடை டோக்கன் வழியாகத்தான் போனது. கார்டு இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. குடியிருப்பதற்கு ஒப்பந்தம் எழுதித் தரச் சொன்னால் வீட்டு உரிமையாளர் மழுப்புவார். அதனால் குடியிருப்புக்குச் சான்றாக கேஸ் சிலிண்டர் ரசீது, பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை நகல்களை ஐப்பசி பிறக்கும் முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். முடங்கிய கணக்கில் பணம் ஏறாது.

நனைந்த சான்றிதழை வெயிலில் போடக் கூடாது, இஸ்திரியும் வேண்டாம். லேமினேஷனைப் பிய்த்தால் எழுத்தும் சேர்ந்தே வரும். வெள்ளைத் துணிக்கு நடுவே நிழலில் வைத்து, துணியை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். கிழிந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். அசல் கையில் இல்லையென்றால் போலீஸ் புகாரிலிருந்து தாசில்தார் அலுவலகம் வரை அலைய வேண்டிவரும்.