இரும்பு போல்ஸ்டர் பார்லோ: காந்தம் ஒட்டினால் பழசா? துருவை எதுவரை எடுப்பது?

துருவன்:
வணக்கம். பார்லோ என்ற மடக்குக்கத்தி வகையில் ஒரு பேனாக்கத்தி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. மூடினால் 3⅜ அங்குலம், ஒற்றை அலகு, எலும்புப் பிடி. பிடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு போல்ஸ்டர் (அலகு சுழலும் முனையில் பிடியை மூடும் உலோகப் பகுதி). அதில் அம்பு துளைத்த R முத்திரை பாதிதான் தெரிகிறது. போல்ஸ்டர் மொத்தமும் கருப்பும் பழுப்புமாக இருக்கிறது. எலும்பைத் தொடும் விளிம்பில் மட்டும் செந்துரு. அலகு பாதிக்கு மேல் திறக்க மறுக்கிறது. காந்தம் ஒட்டுகிறது, அதை வைத்துப் பழைய கத்தி என்று சொல்லலாமா? வினிகரில் ஊறப்போட்டால் துரு போகும் என்கிறார்கள், செய்யலாமா?

சாணைக்கல்:
வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. எலும்பில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அமிலம் அதைக் கரைத்து மேற்பரப்பைச் சுண்ணாம்பு மாதிரி ஆக்கிவிடும். ஆணிகளைச் சுற்றிப் புகுந்த அமிலத்தைக் கழுவி எடுக்கவும் முடியாது.

காந்தத்தைப் பற்றி: போல்ஸ்டருக்கு அடியில் அலகின் அடிப்பாகமும் ஸ்பிரிங்கும் எஃகு. மேலே ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, காந்தம் ஒட்டாது) இருந்தாலும் காந்தம் கொஞ்சம் இழுபடும். அரிசி அளவு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு போல்ஸ்டரின் நடுவில் தொடுங்கள். சட்டென்று ஒட்டினால் இரும்பு, தயங்கி ஆடினால் அடியிலிருக்கும் எஃகின் வேலை. ஆனால் இரும்பு என்பதாலேயே பழசு என்று சொல்ல முடியாது. மலிவு கத்திகளில் 20ஆம் நூற்றாண்டிலும் இரும்பு போல்ஸ்டர் போட்டார்கள்.

அம்பு துளைத்த R என்றால் ஜான் ரஸல் கம்பெனி. மாசசூசெட்ஸ் மாநிலம் டர்னர்ஸ் ஃபால்ஸில் 1875இல் பார்லோ செய்ய ஆரம்பித்தார்கள். 1933இல் கம்பெனி ஹாரிங்டன் என்ற கத்தி கம்பெனியோடு இணைந்தது. அந்த இடைவெளிக்குள் உங்கள் கத்தியைத் தேடுங்கள். பார்லோ வடிவம் ரஸலின் கண்டுபிடிப்பு அல்ல, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வருவது. மலிவான கத்தியில் முதலில் ஆடிப்போவது அலகு சுழலும் ஆணி இருக்கும் இடம்தான். அதை நீண்ட இரும்பால் கட்டிப்போட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஷெஃபீல்டு கத்தி வாங்கும்போது இன்னொன்று. டார்ச்சை உள்ளே அடித்து போல்ஸ்டரும் லைனரும் (பிடிக்கு உட்புறம் இருக்கும் உலோகத் தகடு) சேரும் இடத்தைப் பாருங்கள். ஆரம்ப காலக் கத்திகளில் இரண்டும் ஒரே இரும்பில் அடித்தவை, இணைப்புக்கோடு இருக்காது. தனியாகப் பொருத்திய போல்ஸ்டரில் கோடு தெரியும். 1890ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவற்றில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கும். ஆனால் அது இல்லாததை வைத்து முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற நாடுகளுக்குப் போனவற்றுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஆணிவேர்:
திறப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். குறடு எடுக்காதீர்கள். நகக்குழி (அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம்) உடையும், ஸ்பிரிங்கும் உடையலாம். ஸ்பிரிங் உடைந்தால் பிடியைப் பிரிக்காமல் மாற்ற வழியில்லை. பிரித்த கத்தி சேகரிப்பாளர் கண்ணில் பாதி விலைகூடப் பெறாது.

அலகு சுழலும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கத்தியை போல்ஸ்டர் கீழே வரும்படி ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் அலகைத் தோல் துண்டால் பிடித்து ஒரு மில்லிமீட்டர் திறந்து மூடுங்கள், மறுபடி ஒரு சொட்டு. பழுப்புச் சேறு வெளியே வரும், துடைத்துக்கொண்டே இருங்கள். மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். முழுதாகத் திறந்த பிறகு உள்ளே அடைத்திருக்கும் அழுக்கை மூங்கில் பல்குச்சியால் கிளறி எடுங்கள். மண்ணெண்ணெய் தேவைப்பட்டால் குச்சி நுனியில் மட்டும், எலும்பில் வழியக் கூடாது.

செந்துருவுக்கு எண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டு, பித்தளைத் தகட்டின் விளிம்பால் தள்ளுங்கள். பித்தளை இரும்பைவிட மென்மை, துருவை மட்டும் எடுக்கும். கருப்பை விட்டுவிடுங்கள், அது உறைந்துபோன ஆக்சைடு, இரும்புக்குப் போர்வை மாதிரி. எலும்பை ஒட்டிய செந்துருவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். லைனருக்கும் எலும்புக்கும் நடுவில் அது உப்பினால் எலும்பு ஆணித்துளையிலிருந்து பிளக்கும்.

பிறகு 0000 ஸ்டீல் வுல்லில் (மிக நுண்ணிய எஃகு இழைப் பஞ்சு) எண்ணெய் தொட்டு லேசாக ஒரு தேய்ப்பு.

சாணைக்கல்:
அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முத்திரை பாதி தெரிகிற போல்ஸ்டரில் ஸ்டீல் வுல் படவே கூடாது. எழுத்தின் விளிம்புதான் முதலில் மழுங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், தேய்க்காமலே முழு முத்திரையும் தெரியலாம்.

ஆணிவேர்:
சரி, முத்திரை இருக்கும் பக்கத்தை விட்டுவிடலாம். மறுபக்கத்துக்கு நான் சொன்னதே.

துருவன்:
நன்றி. இரண்டு நாளில் முழுக்கத் திறந்துவிட்டது. ஆனால் மூடினால் அலகின் நுனி லைனருக்கு மேலே ஒரு மயிரிழை நிற்கிறது, விரலைக் கீறுகிறது. இருப்பது சென்னையில், ஈரத்துக்கு எங்கே வைப்பது?

உப்புக்காற்று:
தோல் உறையில் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் இரும்பைத் தின்னும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபினைத் துணியில் தொட்டு இரும்பில் மட்டும் மெல்லப் பூசி, பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சூடாக்கி உலர்த்தலாம். தேங்காய் எண்ணெய் கெட்டுப் பிசுபிசுக்கும். டப்பியை முற்றாகக் காய வைத்தும் விடாதீர்கள், எலும்பு சுருங்கி வெடிக்கும்.

செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) பிடிக் கத்திகள் இருந்தால் தனி டப்பா. பிடியைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து முகருங்கள், சூடம் வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. அது சிதையும்போது வரும் அமிலப் புகை அடுத்திருக்கும் இரும்பு போல்ஸ்டரையும் சேர்த்து அரிக்கும்.

ஆணிவேர்:
நுனி எழுந்து நிற்பதற்குக் காரணம் பழைய சாணை. நுனிப் பக்கம் வெட்டுமுனை தேய்ந்து, கூர் முதுகுப் பக்கம் ஏறியிருக்கும். இதை மறைக்கத்தான் பலர் அலகின் அடியில் இருக்கும் மேட்டை அரத்தால் தேய்த்து அலகைக் கீழே இறக்குவார்கள். இறக்கினால் பிடியை ஒட்டிய பக்க வெட்டுமுனை ஸ்பிரிங்கில் போய் இடித்து மழுங்கும். உங்கள் கத்தியில் அந்த மேட்டில் புதிய அரக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அப்படியே விடுங்கள். எடுக்கும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.