புதுப்பிப்பு: ஃபோர்க்லிஃப்ட் சுழல்விளக்கை மாற்றியாயிற்று

தின்னர் பீப்பாய்கள் நிரப்பும் எங்கள் கூடத்தில் ஓடும் ஃபோர்க்லிஃப்டில் சாதாரண எல்.இ.டி. சுழல்விளக்கு இருக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். “ஐ.பி. 65 முத்திரை இருக்கிறதே, போதும்” என்று சிலர் சொன்னீர்கள். போதவே போதாது. அந்த எண் தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டுமே. விளக்கின் உள்ளே புகுந்த தின்னர் ஆவி பொறிபட்டுத் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை.

இப்போது மண்டலம் 1-க்கு, அதாவது வழக்கமான வேலையின்போதே தீப்பிடிக்கும் ஆவி அவ்வப்போது சூழக்கூடிய இடத்துக்கு, சான்று பெற்ற ஃபிளேம்ப்ரூஃப் விளக்கு வந்துவிட்டது. உள்ளே வெடித்தாலும், மூடியும் உடலும் சேரும் குறுகிய இடுக்கின் வழியே வரும் வாயு குளிர்ந்துதான் வெளியேறும்; வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காது. டி4 வெப்பநிலை வகை என்பதால் மேற்பரப்பு வெப்பம் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது.

பொருத்தும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் பழைய பிளாஸ்டிக் கேபிள் கிளாண்டையே (வயர் விளக்குக்குள் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் பாகம்) திருகப் பார்த்தார். பதறிப்போய்த் தடுத்தேன். அந்த ஓட்டை வழியே சுடர் வெளியேறினால் இவ்வளவு கனத்த உறை எதற்கு? சான்று பெற்ற பித்தளை கிளாண்ட் வந்து சேரும்வரை நான்கு நாள் வண்டியை நிறுத்திவைத்தோம்.

வண்டியே அந்த இடத்துக்கு ஏற்றதுதானா என்று கேட்ட நண்பருக்கு: அது வாங்கும்போதே மண்டலம் 1-க்கானது, சுழல்விளக்கைத்தான் பிறகு யாரோ மாட்டியிருக்கிறார்கள். உங்களுடையது சாதாரண வண்டி என்றால், விளக்கை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே ஓட்டாதீர்கள்.