சிங்கப்பூர் – நியூயார்க்: ஆறரை மணி நேரமா, முப்பது மணி நேரமா?

தேக்காவாசி:
ஜூன் மாதம் அம்மாவை நியூயார்க்கில் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். இடையில் எங்கும் நிற்காத விமானம். டிக்கெட்டில் போகும்போது இரவு 11.35க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்கும் என்று இருக்கிறது. திரும்பும்போது காலை 10.30க்கு ஏறினால் மறுநாள் மாலை 5.10. எப்படி? தூரமும் இடிக்கிறது. உலகப்படத்தில் நூல் பிடித்து அளந்தால் 20,000 கிலோமீட்டர் வருகிறது, இணையத்தில் 15,300 என்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை காலை 8, இரவு 8. அதற்காகத்தான் கேட்கிறேன்.

கணக்கன்:
டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். ஜூனில் நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னால். போகும்போது ஆறரையோடு 12ஐக் கூட்டுங்கள், ஏறக்குறைய பதினெட்டரை. வரும்போது முப்பதே முக்காலில் 12ஐக் கழியுங்கள், அதே அளவுதான்.

பூகோளப் பைத்தியம்:
தூரத்துக்கு நான் வருகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். தட்டைப் படத்தை மறந்துவிட்டு ஒரு பூகோள உருண்டையை எடுங்கள். சிங்கப்பூர் தீர்க்கரேகையில் கிழக்கே 104 பாகை (டிகிரி), நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அரை வட்டமான 180ஐ ஒட்டி, அதாவது உலகத்தின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படி இருந்தால் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மேல் 1.3 பாகை, அங்கிருந்து துருவம் 88.7. துருவத்திலிருந்து நியூயார்க் 49.3. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318. இணையம் சொன்னது சரிதான்.

தேக்காவாசி:
அட! ஆனால் 900 கி.மீ. வேகத்தில் 17 மணி நேரம்தானே வரும்? மீதி ஒன்றரை மணி எங்கே போனது? போய்வந்த நண்பர் துருவத்தையே பார்க்கவில்லை, பசிபிக் மேலேதான் பறந்தோம் என்கிறார்.

பூகோளப் பைத்தியம்:
காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அது முதுகில் தள்ளினால் சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம். அதனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக். பாதையை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்த்தி.

கணக்கன்:
மாத்திரை விஷயம் எளிது. 12 மணி வித்தியாசம் என்பதால் கைக்கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம். இங்கே காலை 8 என்றால் அங்கே இரவு 8. விமானத்தில் நம் காலை 8க்கு ஒன்று (கிளம்பி எட்டரை மணி நேரம் கழித்து), இறங்கியபின் அங்கே காலை 8க்கு அடுத்தது. ஆனால் நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், அப்போது வித்தியாசம் 13. எதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சாப்பாட்டு நேரமும் மாறுமே.

சாங்கி சகோதரி:
மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டையும் சேர்த்து. சர்க்கரை நோயாளிக்கான சாப்பாட்டை முன்கூட்டியே பதிவு செய்யலாம். இந்த நீண்ட தூர ஏ350 விமானத்தில் சாதாரண எகானமி இருக்கையே கிடையாது, 161 இருக்கைகளும் பிசினஸ் அல்லது பிரீமியம் எகானமி. காசு கூடத்தான், ஆனால் அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

தேக்காவாசி:
நன்றி. ஓர இருக்கையாகப் போட்டுவிட்டேன்.