நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலினா மலைப்பக்கம் குடிபோகிறோம்: என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி:
அண்ணா, எடிசனில் இருக்கிறோம். மனைவி டாக்டர். ஜே-1 வெய்வரில் (பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனைக்கு விலக்கு, பதிலுக்கு டாக்டர் தட்டுப்பாடு உள்ள ஊரில் வேலை) வட கரோலினா, சில்வா பக்கம் வேலை உறுதியாகிவிட்டது. ஜூலையில் சேர வேண்டும். எனக்கு எச்-1பி வேலை விசா, வீட்டிலிருந்தே வேலை. பெண் மூன்றாம் வகுப்பு போகிறாள். வாடகைக்குப் பார்ப்பதா, இப்போதே வீடு வாங்கிவிடுவதா? எடிசன் விலைக்கு அங்கே இரண்டு ஏக்கரோடு வீடு கிடைக்கிறது, பார்த்தாலே ஆசையாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
தம்பி, வாழ்த்துகள். நாங்கள் வேய்ன்ஸ்வில் பக்கம், உங்களுக்கு மலைக்கு அந்தப்புறம். வீட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் விசா. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் அந்த வீடுதான் சட்டப்படி உங்கள் பணியிடம். எடிசனிலிருந்து சில்வா என்றால் வேறு பகுதி. அதனால் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே கம்பெனி புது எல்சிஏ (பணியிடத்தையும் சம்பளத்தையும் தொழிலாளர் துறையிடம் பதியும் விண்ணப்பம்) எடுத்து, திருத்திய எச்-1பி மனு போட்டிருக்க வேண்டும். 2015-லிருந்து இதில் கண்டிப்பு அதிகம். மேனேஜர் "பரவாயில்லை, போங்கள்" என்பதை நம்பி லாரியில் சாமான் ஏற்றாதீர்கள். கிரீன் கார்டுக்கு பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று) போட்டிருந்தால் அதுவும் இடத்தோடு கட்டுண்டது, வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். போய்ச் சேர்ந்த 10 நாளுக்குள் ஏஆர்-11 என்கிற முகவரி மாற்றப் படிவம் போட்டுவிடுங்கள், இரண்டு பேருமே.

இப்போது வீடு. முதல் குளிர்காலம் முடியும்வரை வாடகைதான் என்பது என் கட்சி. வெய்வர் ஒப்பந்தம் எப்படியும் மூன்று ஆண்டு, அவசரமே இல்லை. ஜூலையில் பார்க்கிற மலையும் ஜனவரியில் பார்க்கிற மலையும் வேறு வேறு. வடக்குப் பார்த்த சரிவில் இருக்கும் வீட்டுக்குக் குளிர்காலத்தில் வெயில் சரியாக விழாது. பாதையில் பனி உறைந்தால் நாள்கணக்கில் கரையாது, கீழே ஊரில் எல்லோரும் சட்டையோடு நடந்துகொண்டிருப்பார்கள். சில்வா சுமார் 2,000 அடி உயரம், நமக்கு இடையே இருக்கும் பால்சம் கணவாய் 3,300 அடிக்கு மேல். கீழே மழை, மேலே பனி என்பது சாதாரணம். இரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் உங்கள் மனைவி அந்தப் பாதையில்தான் வண்டியை இறக்க வேண்டும். கூகுள் மேப் காட்டும் 15 நிமிடம் ஜூலை மாதத்துக் கணக்கு.

பாதை யாருடையது என்று கேளுங்கள். மாநிலம் பராமரிக்கும் சாலையா, தனியார் சாலையா? தனியார் என்றால் சரளைக்கல் கொட்டுவது, மழை அரித்த பள்ளத்தை நிரப்புவது, பனி தள்ளுவது எல்லாம் அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள் பொறுப்பு. அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். பள்ளிப் பேருந்து அந்தச் சாலையில் ஏறாமல் அடிவாரத்திலேயே நின்றுவிடலாம், அதையும் விசாரியுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஊர் எல்லைக்கு வெளியே பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் செப்டிக் தொட்டியும்தான். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் குழாயும் கழிப்பறையும் சேர்ந்தே நிற்கும். நம் ஊர் மாதிரி மொட்டை மாடியில் டேங்க் கிடையாது. குடிநீர் கேன், ஜெனரேட்டர் இரண்டும் ஆடம்பரச் செலவில் சேராது. செப்டிக்குக்கு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கொடுக்கும் அனுமதியில் எத்தனை படுக்கையறைக்கு என்று எழுதியிருக்கும். விளம்பரத்தில் நான்கு அறை, அனுமதியில் மூன்று அறை என்று இருக்கும் வீடுகள் உண்டு. ஆறு மாதம் மாமனார் மாமியார் வந்து தங்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி முக்கியம். தாளித்த எண்ணெய், சாம்பார் மிச்சம் எதையும் சிங்கில் ஊற்றக்கூடாது. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை உறிஞ்சி எடுக்க ஆள் கூப்பிட வேண்டும்.

குப்பை எடுக்க வண்டி வராது. நாமே காரில் வைத்து கவுண்டியின் குப்பை மையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். வெளியே வைத்தால் கரடி வரும். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டெக்கில் வடாம் காயப்போடும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஓடை ஓரத்து வீடு படத்தில் அழகாக இருக்கும், வாங்காதீர்கள். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் இந்த மலைகளைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகு இதைச் சொல்லத் தயங்குவதே இல்லை. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற ஊர்கள் இவை. ஆஷ்வில் நகரத்தில் குழாய்த் தண்ணீர் மறுபடி குடிக்கத் தக்கது என்று அறிவிக்க நவம்பர் 18 ஆகிவிட்டது. டென்னசி போகும் ஐ-40 நெடுஞ்சாலை ஆற்றோடு சரிந்தது. 2025 மார்ச் 1-இல்தான் பக்கத்துக்கு ஒரு லேன் என்று திறந்தார்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளக் காப்பீடு தனி, எடுத்தாலும் அமலுக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். நிலச்சரிவுக்கு இந்த இரண்டுமே கைவிரித்துவிடும். ஆகவே ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) வெள்ள வரைபடத்தோடு மாநில நிலவியல் துறை வெளியிட்டிருக்கும் நிலச்சரிவு வரைபடத்தையும் பாருங்கள். மலை மடிப்பின் வாயில் இருக்கும் வீட்டுக்கு ஆறு பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, மேலேயிருந்தே மண் வரும்.

வாங்கும் கட்டம் வரும்போது ஒன்று: இந்த மாநிலத்தில் ட்யூ டிலிஜன்ஸ் கட்டணம் என்று, வீட்டைப் பரிசோதிக்கத் தரும் கெடுவுக்காக, ஒரு தொகையை விற்பவர் கையில் நேராகக் கொடுப்பார்கள். மனம் மாறினால் அது போனதுதான். கிணற்றுத் தண்ணீர், செப்டிக், ரேடான் (மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு), சரிவு, பாதை எல்லாவற்றையும் அந்தக் கெடுவுக்குள் பரிசோதித்து முடிக்க வேண்டும். ஆட்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இங்கே யாரும் மறுநாளே வந்து நிற்கமாட்டார்கள்.

வரிக் கணக்கு நீங்கள் போட்டிருப்பீர்கள். நியூ ஜெர்சியில் வீட்டு வரி சராசரியே ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, இங்கே பெரும்பாலும் வீட்டு மதிப்பில் ஒரு சதவீதம்கூட வராது. மாநில வருமான வரி 2026-க்கு எல்லோருக்கும் ஒரே 3.99 சதவீதம். ஆனால் எடிசனில் டவுன்ஷிப் செய்துகொடுத்த வேலை எல்லாம் இனி உங்கள் தலையில். மிச்சமான பணத்தில் நல்ல பங்கு டயர், சரளை, புரொப்பேன், ஜெனரேட்டர் என்று போகும். கார் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. லைசென்ஸ் 60 நாளுக்குள் மாற்ற வேண்டும். லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம், வருவதற்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கவுண்டி முழுக்க ஒரே பள்ளி நிர்வாகம், ரேட்டிங் பார்த்துத் தெரு தெருவாக வீடு தேடும் எடிசன் வழக்கம் இங்கே இல்லை. வகுப்பில் இவள் ஒருத்திதான் நம் நிறத்தில் இருக்கலாம், அதை அவளிடம் முன்பே பேசிவிடுங்கள்.

மனிதர்கள் நல்லவர்கள், ஆனால் அவசரப்பட மாட்டார்கள். வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் பேசினால் முரட்டுத்தனமாக நினைப்பார்கள். வானிலை, அம்மா உடம்பு, நாய் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயம். "எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நம் ஊரில் "எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பதைப் போலத்தான் அது. நாங்கள் இந்துக்கள், கோயில் தென் கரோலினா க்ரீன்வில்லில் என்று சொல்லுங்கள், அதோடு முடிந்துவிடும். புயலுக்குப் பிறகு பாதையில் விழுந்த மரத்தை அறுக்க ரம்பத்தோடு முதலில் வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். தக்காளி கொண்டுவந்து கொடுத்தால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள், அந்த வழக்கம் இங்கேயும் நன்றாகப் புரியும். அறிவிப்பில்லாமல் யார் வீட்டுப் பாதையிலும் ஏறிப் போகாதீர்கள்.

பதில் (டென்னசி, ஜான்சன் சிட்டியிலிருந்து):
தம்பி, இவர் சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் இன்டர்நெட்டை முகவரி வாரியாகப் பாருங்கள், "இந்த ஊரில் ஃபைபர் உண்டு" என்பது போதாது. பக்கத்து வளைவில் இருக்கும், உங்கள் வீட்டில் இருக்காது. செல்போன் சிக்னலும் அப்படியே, வைஃபை காலிங் போட்டு வையுங்கள். இரண்டாவது உண்ணி. புல்லில் போய் வந்தால் குழந்தையைத் தலைமுதல் கால்வரை பாருங்கள். லோன் ஸ்டார் என்கிற உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒவ்வாமை வந்துவிடுகிறது, சிலருக்குப் பால்கூட ஆகாது.

கேள்வி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. வாடகைதான் என்று முடிவு செய்துவிட்டோம். இட்லி அரிசி, கறிவேப்பிலைக்கு என்ன செய்கிறீர்கள்? அப்பா அம்மா ஜனவரியில் வருவதாக இருக்கிறார்கள், சரிவருமா?

பதில்:
மளிகைக்கு க்ரீன்வில் அல்லது அட்லாண்டா, போகும்போது டீப் ஃப்ரீசர் நிறையும் அளவு வாங்கி வந்துவிடுவோம். ஆட்டுக்கறி மெக்சிகன் கடைகளில் கிடைக்கும். வெண்டைக்காய் கோடையில் உள்ளூர் சந்தையிலேயே அருமையாக இருக்கும். கறிவேப்பிலைச் செடி தொட்டியில், அக்டோபரில் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

அப்பா அம்மா ஜனவரியில் வேண்டாம். குளிர் எடிசனைவிடக் குறைவுதான், அதற்காகச் சொல்லவில்லை. எடிசனில் நம் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு வரை நடந்து போய் நாலு பேரைப் பார்த்திருப்பார்கள், இங்கே வீட்டு வாசலில் நடைபாதையே இருக்காது, பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள்ளேயே அடைந்துகிடப்பார்கள். ஏப்ரல் கடைசியில் வரச் சொல்லுங்கள். லேக் ஜுனலஸ்காவைச் சுற்றிச் சமதளத்தில் நடக்கலாம், செரோக்கி பக்கம் சாயங்காலம் எல்க் என்கிற பெரிய மான் மேய வரும். டிக்கெட்டை அட்லாண்டாவுக்குப் போடுங்கள், ஆஷ்வில்லுக்கு இன்னொரு விமானம் மாறி வருவதைவிட மூன்று மணி நேரம் காரில் போய்க் கூட்டிவருவது அவர்களுக்கு லேசு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரிவர்டேல் கோயிலையும் பார்த்துவிடலாம்.