தம்பியின் அமெரிக்க விண்ணப்பம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு, கல்லடி. தம்பி உயர்தரம் கணிதப் பிரிவு. ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளையும் குடும்ப வருமானம் பார்க்காமல்தான் தெரிவு செய்கிறார்கள். அதனால் நாங்களும் சரி என்றோம்.

சாதாரண தரத்தில் 7 ஏ, 2 பி. போன தவணை இரசாயனவியலில் சி வந்ததிலிருந்து பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை. இங்கே பல்கலைக்கழகம் போக இசட் புள்ளியும் (உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டுக் கணக்கிடுவது) மாவட்டமும்தான் பேசும். அங்கேயோ விண்ணப்பத்தில் 10 செயற்பாடுகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இவனிடம் ஒரு சான்றிதழும் இல்லை. விடியப்புறம் அப்பாவோடு தோணியில் போய் வாவியில் வலை இழுப்பான். பின்னேரம் ஒழுங்கைப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். வீட்டுப் பொறுப்பையும் எழுதலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல், அவன்தான் நம்புகிறான் இல்லை.

வலை இழுப்பதை 150 எழுத்துக்குள் எப்படி எழுதுவது? அந்த சி பற்றி விளக்கம் கொடுக்கலாமா, விட்டுவிடுவதா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இப்படி விண்ணப்பித்த அண்ணாமார், அக்காமார் யாராவது தம்பியோடு பத்து நிமிடம் கதைப்பீர்களா?